குளிர்ந்த இன்ஜினுக்குக் காய்ச்சல்

"எங்க ஊர்ல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. குற்றாலம் வந்தாத்தான் வண்டி படுத்துக்கிடுது" என்றார் அவர்.

ஆடி மாதம், சனிக்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும். தென்காசியில் குற்றாலம் ரோட்டில் என் பட்டறை. சீசன் நாட்களில் வாசலில் நிற்கிற வண்டிகளில் பாதி வெளியூர்க்காரர்களுடையது. கதவைத் திறந்தால் ஈரத்துண்டும் எண்ணெய் வாடையும், பின்சீட்டில் ரம்புட்டான் பையும் இருக்கும். இவர் விருதுநகர்ப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியர். ஐந்தருவி போகிற வழியில் லாட்ஜில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். பெட்ரோல் கார். காலையில் பத்துத் தடவை செல்ஃப் அடித்தபின் இருமி இருமிப் பிடிக்கிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் ஓடிவிட்டால் அப்புறம் நாள் முழுக்கப் பூப்போல ஓடுகிறது. போன வருஷ சீசனிலும் இதே கதைதானாம். ஊருக்குப் போனதும் தானாகச் சரியாகிவிட்டதாம்.

இடையில் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள், பிளக் மாற்றியிருக்கிறார்கள். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரில் லேசாகக் கசிவு தெரிந்ததால் பொங்கலுக்கு முன் அதையும் மாற்றியாயிற்று. பேனட்டைத் திறந்தேன். சென்சாரின் பித்தளை புதுசாக மின்னியது. ஸ்கேனரைப் போட்டேன்: 88 டிகிரி, ஒரு பழுதுக் குறியீடும் பதிவாகவில்லை. இலஞ்சி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

காலைக் காய்ச்சலை மதியம் தொட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும்? "சார், இன்னைக்கு ராத்திரி வண்டிய எடுக்காதீங்க. காலைல சாவியக்கூடப் போடாதீங்க. அஞ்சரைக்கு நான் அங்கன வாரேன்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இருந்தாலும் சரி என்றார்.

சந்தேகம் எனக்கு அந்தச் சென்சார் பக்கமேதான் இருந்தது. ஏன் என்று சொல்ல, அது செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும்.

ஆள்காட்டி விரலில் பாதி நீளம்தான் இருக்கும். திருகு மரை உள்ள பித்தளைக் கூடு, அதன் நுனிக்குள் மிளகைவிடச் சிறிய ஒரு துண்டு. சூடு ஏற ஏற மின்தடை குறைகிற பொருள் அது. செம்புக்கம்பியின் குணத்துக்கு நேர் எதிர். 1833-இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் இந்தக் குணத்தை முதலில் பார்த்து எழுதி வைத்தார். இன்று நம் ஊர் வண்டிகளில் அதிகம் வருகிற சென்சார்களில் 20 டிகிரியில் தடை சுமார் இரண்டரை கிலோ ஓம். 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். 100-ஐத் தொடும்போது 200-க்கும் கீழே. இன்ஜினின் மூளையான இசிஎம் பெட்டி 5 வோல்ட் அனுப்பி, இந்தத் தடையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்குப் போடுகிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஃபேனை எப்போது ஓட்டுவது, ஏசியை எப்போது நிறுத்துவது எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

வயர் அறுந்துவிட்டால் தடை எல்லை மீறிப்போகும். இசிஎம்முக்கு அது மைனஸ் 40 டிகிரி. சித்திரை வெயிலில் தென்காசிப் பேருந்து நிலையம் முன்னால் நிற்கிற வண்டி, தான் பனிக்கட்டிக்குள் கிடப்பதாக நம்பும். பெட்ரோலை வாரி இறைக்கும், சைலன்சரில் கரும்புகை வரும். தப்பு நடக்கிறது என்று இசிஎம்முக்கே தெரிந்துவிட்டால் பாதுகாப்புக்காக ஃபேனை நிறுத்தாமல் ஓட விடும்; செக் லைட்டும் எரியும், பி0118 என்று குறியீடும் பதிவாகும். இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் நேர் எதிராக 130, 140 என்று காட்டும், குறியீடு பி0117. இவையெல்லாம் எளிதான பழுதுகள். சென்சார் தைரியமாகப் பொய் சொன்னால் பிடித்துவிடலாம். நம்பும்படியான பொய் சொல்லும்போதுதான் மெக்கானிக் அலைகிறான்.

நான் தொழிலுக்கு வந்த 1992-இல் இந்தக் கவலை கிடையாது. என் வாத்தியார் அம்பாசடர் இன்ஜினின் ஹெட்டில் விரலால் தண்ணீர் தெளிப்பார். வீட்டில் தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி. சொட்டு உட்கார்ந்து மெதுவாக ஆவியானால் ஒரு கணக்கு, சுர்ரென்று துள்ளி ஓடினால் வேறு கணக்கு. பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் இரண்டு கையாலும் பிடிப்பார். மேலே கொதித்துக் கீழே குளிர்ந்திருந்தால் ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டர் போய், இசிஎம் கணக்குப் போட்டுப் பெட்ரோல் தெளிக்கிற எம்பிஎஃப்ஐ வந்தது. 2010-இல் பிஎஸ் 3, 2017-இல் பிஎஸ் 4, 2020-இல் பிஎஸ் 6 என்று நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, வண்டிக்குள் சென்சார்கள் பெருகின. கை வைத்துப் பார்க்கிற பழக்கம் எங்களில் பலரை விட்டுப் போனது. என்னையும் ஒரு சமயம் விட்டுப் போயிருந்தது. அதைச் சொல்லாமல் இந்தச் சென்சாரைப் பற்றி எழுதினால் நேர்மையாக இருக்காது.

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சீசன். பட்டறையில் நிற்க இடமில்லாத நாள். புளியங்குடி எலுமிச்சை ஏற்றிப் புனலூருக்கு ஓடுகிற ஒரு மினி லாரி வந்தது. ஓட்டுகிற பையனே ஓனர். கடன் போட்டு வாங்கிய வண்டி. "அண்ணாச்சி, டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, டக்குனு எறங்குது, மறுபடி ஏறுது" என்றான். நான் எட்டிப் பார்த்தேன். முள் ஆடிக்கொண்டிருந்தது. இன்ஜின் சூடு இப்படி நொடிக்கு நொடி குதிக்காது, ஆகவே சென்சார் இணைப்பு லூஸ் என்று என் புத்தி சொல்லிவிட்டது. "சென்சார்தாம்ல, போயிட்டு வா, வந்ததும் மாத்திருவோம்" என்றேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. இன்ஜின் சூடாக இருந்தது, திறக்கக் கூடாதுதான். ஆனால் அரை மணி ஆறவிட்டுத் திறந்திருக்கலாம். எனக்கு அந்த அரை மணி இல்லை என்று நினைத்தேன்.

செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறும்போது முள் மேலே போயிருக்கிறது. அடுத்த திருப்பத்தில் சடாரென்று கீழே இறங்கிவிட்டது. ஆறிவிட்டது என்று நினைத்துப் பையன் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறான். கோட்டைவாசல் கிட்டே இன்ஜின் நின்றது. திரும்ப அது ஓடவில்லை.

ஹெட்டைக் கழற்றியபோது கேஸ்கட் எரிந்து, ஹெட் வளைந்து, பிஸ்டன் ஒன்று பிடித்துக் கிடந்தது. கீழ் ஹோஸில் ஊசித்துளை. தண்ணீர் சொட்டிச் சொட்டிக் குறைந்து, சென்சார் நுனிக்குக் கீழே போயிருக்கிறது. சென்சார் தண்ணீரில் முங்கிக் கிடந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். ஆவியிலும் காற்றிலும் தொங்கினால், இரும்பு எரிந்துகொண்டிருக்கும்போதும் அதற்கு அவ்வளவு சூடு போய்ச் சேராது. சுற்றி ஓடுகிற தண்ணீர் அலையடித்துத் தொட்டபோது முள் ஏறியது, விலகியபோது இறங்கியது. அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. நான்தான் அது நிற்கிற இடத்தைப் பார்க்காமல் அதைக் குற்றவாளியாக்கினேன். என் கூலியை விட்டுக்கொடுத்தேன், லேத்தில் ஹெட்டுக்கு ஃபேஸ் அடித்த பணத்தையும் கொடுத்தேன். ஆனால் வண்டி நின்ற அந்த மூன்று வாரத்துக்கு அவன் கட்டவேண்டியிருந்த தவணைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. இப்போதும் புளியரை வளைவில் ஏறும்போது அந்தப் பையன் முகம் வரும்.

அன்றிலிருந்து என் பட்டறையில் யாரும் "சென்சார்" என்ற வார்த்தையைத் தண்ணீர் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆறிய இன்ஜின், திறந்த மூடி, கண்ணுக்குத் தெரிகிற கூலன்ட் மட்டம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆறிய இன்ஜின் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மூடி இறுக்கத்தில்தான் உள்ளே உள்ள கூலன்ட் 100-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகியதும் அழுத்தம் விட்டு, மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து மேலே அடிக்கும். என் இடது முழங்கையில் தோல் நிறம் மாறிய இடம் அப்படி வந்ததுதான். அதேபோல் மலை ஏற்றத்தில் சூடாகி நிற்கிற வண்டியில் ஓடைத் தண்ணீரை எடுத்து உடனே ஊற்றுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டு ஹெட் விரிசல் விட்ட வண்டிகளை நானே இழுத்து வந்திருக்கிறேன். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பேனட்டைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் முதல் வைத்தியம்.

புதிதாக வருகிற பையன்களுக்கு இந்தச் சென்சாரைப் புரியவைக்க ஒரு நசுங்கிய அலுமினியச் சட்டி வைத்திருக்கிறேன். ஸ்டவ்வில் தண்ணீர் வைத்து, கழற்றிய சென்சாரை நூலில் கட்டித் தொங்கவிடுவோம். அடியில் படக் கூடாது, பட்டால் சட்டியின் சூட்டைக் காட்டும். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், சென்சாரின் இரண்டு காலிலும் மல்ட்டிமீட்டர் வயர். ஒருவன் தெர்மாமீட்டரைப் படிக்க, ஒருவன் ஓம் சொல்ல, மூன்றாமவன் நோட்டில் எழுதுவான். 30-இல் ஆயிரத்து எழுநூறு. 50-இல் எண்ணூறு சொச்சம். 80-இல் முந்நூற்றுச் சில்லறை. நம் ஊர் பெரிய உயரமில்லை, தண்ணீர் 100-ஐ ஒட்டியே கொதிக்கும். அங்கே நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறு. நல்ல சென்சார் படியில் இறங்குகிற ஆள் மாதிரி நிதானமாக இறங்கும். கெட்டது 60-இல் ஒரு தாவு, 75-இல் ஒரு மயக்கம் என்று காட்டும். ஸ்கேனர் ஆயிரம் சொன்னாலும், இந்தச் சட்டியில் ஒருதடவை கண்ணால் பார்த்த பையன் அப்புறம் குருட்டாம்போக்கில் சென்சார் மாற்ற மாட்டான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பழைய வண்டிகள் சிலவற்றில் இந்த மாதிரி இரண்டு இருக்கும். ஒற்றை வயர் உள்ளது மீட்டர் முள்ளுக்கு, இரட்டை வயர் உள்ளது இசிஎம்முக்கு. முள் சரியாக நிற்கிறது என்பதற்காக இசிஎம்முக்குச் சரியான சேதி போகிறது என்று எண்ணக் கூடாது. ஒற்றை வயர்க்காரனுக்கு எர்த் தன் உடம்பு வழியாகவே. கசிவை நிறுத்த மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினால் அந்த எர்த் போய்விடும். புது சென்சாரும் பழுது என்று தூக்கிப் போடுவார்கள்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குத்தான் லாட்ஜ் போய்ச் சேர்ந்தேன். இரவெல்லாம் சாரல். அருவிக்குப் போகிறவர்கள் அந்நேரமே தோளில் துண்டோடு நடந்துகொண்டிருந்தார்கள். கார் மரத்தடியில், மேலெல்லாம் இலையும் ஈரமுமாக நின்றது. ஆசிரியர் கையில் சாவியோடு காத்திருந்தார். பேனட்டைத் திறந்து முதலில் பிளாக்கில் உள்ளங்கையை வைத்தேன். பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. மூடியைத் திறந்தேன், கூலன்ட் கழுத்து வரை இருந்தது. பிறகு ஸ்கேனரை மாட்டி, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தினேன்.

வண்டிக்குள் போகிற காற்றைப் பார்க்கத் தனியாக ஒரு சென்சார் உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காற்றும் கூலன்ட்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், இரண்டொரு டிகிரி முன்பின் இருக்கலாம். காற்று 24 என்று காட்டியது. கூலன்ட் 52.

தொட்டால் குளிர்கிற இன்ஜினுக்கு 52 டிகிரிக் காய்ச்சல்!

ஆசிரியருக்கு அந்த இரண்டு எண்ணையும் காட்டினேன். குளிர்ந்த இன்ஜின் பிடிக்கக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். இன்ஜின் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நினைத்து இசிஎம் அதைக் கொடுக்கவில்லை. 52 என்பது நடக்கக்கூடிய எண்தானே, அதனால் செக் லைட்டும் எரியவில்லை. "அப்போ புதுச் சென்சாரும் போச்சா?" என்றார். "அவசரப்படாதீங்க சார்" என்று சென்சாரில் வயரைச் செருகுகிற கப்ளரைக் கழற்றினேன்.

கப்ளரைக் கழற்றினால் ஸ்கேனர் மைனஸ் 40-க்கு விழ வேண்டும். விழவில்லை. 10-க்கு வந்து நின்று, தயங்கித் தயங்கிக் கீழே போனது. சென்சாரே இல்லாத வயரில் யாரோ சூடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்சாரின் காலில் மீட்டரை வைத்தேன்: 2.1 கிலோ ஓம், 24 டிகிரிக்குச் சரியான விடை. புதுச் சென்சார் நிரபராதி.

டார்ச் அடித்துக் கப்ளர் வாய்க்குள் பார்த்தேன். இரண்டு பின்னுக்கும் நடுவே பச்சையாக ஒரு பிசின். தொட்டால் விரலில் ஒட்டியது, முகர்ந்தால் இனிப்பு வாடை. கூலன்ட்டேதான். பின்களில் களிம்பு ஏறியிருந்தது. பழைய சென்சார் கசிந்ததல்லவா, அது மரை வழியாக மட்டும் கசியவில்லை. சென்சாரின் உடம்புக்குள்ளேயே புகுந்து கப்ளருக்குள் வந்து, அங்கே தங்கிவிட்டது. சென்சாரை மாற்றியவர் கப்ளரைத் துடைக்கவில்லை. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு. உப்பு ஜாடியைத் திறந்துவைத்தால் கசிந்துபோகிறதே, அதுபோல. விருதுநகர்ச் சுக்குக் காற்றில் அந்தப் பிசின் காய்ந்து பேசாமல் கிடந்தது. குற்றாலத்துச் சாரலில் ஒரு ராத்திரி நின்றதும் ஈரம் குடித்து, இரண்டு பின்னுக்கும் பாலம் போட்டது. தடை குறைந்தது, சூடு கூடிவிட்டதாகச் சேதி போனது. இன்ஜின் ஓடி அந்த இடம் சூடேறியதும் ஈரம் காய்ந்து பாலம் அறுந்தது. கால் மணி நேரத்தில் வண்டி சரியானது அப்படித்தான்.

மாற்றியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வறண்ட ஊரில், மதிய நேரத்தில், ஓடுகிற வண்டியில் பார்த்தால் நானும் தப்பவிட்டிருப்பேன். (அந்த இனிப்பு வாடை ஆபத்தானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்திலீன் கிளைக்கால் விஷம். வடித்த கூலன்ட்டைத் திறந்த சட்டியில் வைத்தால் நாய் நக்கும், பிள்ளைகள் கை வைக்கும். எங்கள் பட்டறையில் உடனே கேனில் ஊற்றி மூடிவிடுவோம்.)

கப்ளரைத் துடைத்து, ஊதி, அங்கேயே காயவைத்தேன். ஸ்கேனர் மைனஸ் 40-க்கு இறங்கியது. மறுபடி மாட்டியதும் 25. வண்டி பிடித்தது. பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

துடைத்ததோடு விட்டிருந்தால் அடுத்த ஆடிக்கு அவர் மறுபடி வந்திருப்பார். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடானதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததே, அப்போது முங்கிய வண்டிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. வெளியே பளபளவென்று துடைத்துக் கொடுத்த கப்ளர்கள் ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் காலை வாரின. களிம்பு வயரின் தோலுக்குள்ளே ஊர்ந்து போயிருக்கும். இந்த வண்டியிலும் கப்ளரை வெட்டி, வயரின் தோலைச் சீவினேன். ஓரங்குலத்தில் செம்பு கருத்திருந்தது. இன்னும் ஓரங்குலம் சீவினேன், அங்கே பச்சை. மூன்றாவது அங்குலத்தில்தான் புதுக் காசு மாதிரி செம்பு வந்தது. அங்கே புதுக் கப்ளரின் வயரைச் சேர்த்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டேன். இரண்டு இணைப்பும் எதிரெதிரே வராமல் ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்தேன். கப்ளரின் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவி அழுத்தியதும் 'டிக்' என்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்காமல் என் பையன்கள் கையை எடுக்க மாட்டார்கள்.

புதுச் சென்சாரைக் கழற்றவேண்டி வரவில்லை. வந்திருந்தால் காப்பர் வாஷர் புதிது போட்டு, சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு வலுவில் மட்டும் முடுக்க வேண்டும். அலுமினிய மரை, முரட்டுக் கைக்குத் தாங்காது. பிறகு ஏர் எடுக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பி ஓடவிட்டு, கொப்புளம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஹீட்டர் பித்தானை யாரும் தொடுவதில்லை, பல வண்டிகளில் அது துருப்பிடித்து இறுகியே கிடக்கும். ஏர் தங்கினால் அந்த எலுமிச்சை வண்டிக்கு நடந்ததுதான் நடக்கும்: சென்சார் காற்றில் தொங்கும்.

ஆசிரியர் ஞாயிறே ஊர் திரும்புவதாக இருந்தார். "இன்னொரு ராத்திரி இருந்துட்டுப் போங்க சார், காலைல பாத்துட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றேன். திங்கள் முற்பகல் லீவு சொல்லிவிட்டுத் தங்கினார். வண்டி அதே மரத்தடியில் நின்றது. அன்றிரவு சாரல் முந்தின நாளைவிடக் கனம்.

திங்கள் காலை பிளாக்கில் கை வைத்தேன். குளிர்ச்சி. சாவி பாதி திருப்பம். காற்று 23. கூலன்ட் 24.

"அடிங்க சார்" என்றேன். ஒரே செல்ஃபில் பிடித்தது. ஆக்சிலேட்டரைத் தொடாமலே நின்று ஓடியது. ஸ்கேனரில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்: 30, 40, 60. எண்பதுகளில் தெர்மோஸ்டாட் திறந்து கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, 96-இல் ஃபேன் சுழன்றது. 91-இல் நின்றது. ஆசிரியரின் வீட்டம்மா பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்கள். "ஒருதடவ போதாதாண்ணே?" என்று கேட்டார்கள். "இன்னொருதடவ ஓடட்டும்மா" என்றேன். காபி முடிவதற்குள் ஃபேன் இரண்டாவது தடவையும் சுழன்று நின்றது. நான் பேனட்டைச் சாத்தினேன்.